அசல்

தேவகோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை என்னுடையது.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
என் தீர்ப்பை நானே நகலெடுத்தேன், முப்பத்தோரு பக்கம்.
காசு யாரிடம் வாங்குவது?
அறுபத்திரண்டு ரூபாயை எண்ணி
என் கல்லாவில் நானே போட்டேன்.

எட்டு லட்சம் அசல்.
மனுப் போட்ட தேதியிலிருந்து ஆறு சதவீத வட்டி.
முதல் மனுதாரர் ராக்கம்மாள், நான்.
இரண்டாம் மனுதாரர் சிகப்பி,
கல்லல் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவள்.
அவளுக்கும் அதே எட்டு, அதே ஆறு.

பள்ளிக்கூடத்து ரத்த முகாமில்
துர்காவுக்கு ஏபி என்று அட்டை கொடுத்தார்கள்.
எனக்கு ஓ. செவத்தையாவுக்கும் ஓ.
ஒரு மாதம் அவர் என் முகம் பார்க்கவில்லை,
தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.
தீர்ப்பில் அந்த ஒரு மாதத்தைத் தேடினேன்.
இருபத்திரண்டாம் பக்கத்தில்
‘மன உளைச்சல்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது.
அதற்குள் எங்காவது இருக்கும்.

சோதனைச் செலவுக்குத் தாலிச் செயினை அடகு வைத்திருந்தேன்.
பணம் வந்ததும் முதல் வேலையாக மீட்கப் போனேன்.
சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போன பையன்
உறையோடு வந்தான்.
உறைமேல் ஓர் எண்,
நூலில் தொங்கிய அட்டையில் அதே எண்.
அறுந்த கொக்கியில் நான் சுற்றிய மஞ்சள் நூல்கூட
நாலு வருஷமாய் அப்படியே.
உள்ளே எத்தனை செயின் இருக்கும் தம்பி?
ஆயிரத்துக்கு மேல, என்றான்.
மாறாதா?
மாறினா தொழில் பண்ண முடியுமாக்கா.

அன்று ராத்திரி அந்த ஆஸ்பத்திரியில்
பிள்ளைகள் இரண்டே இரண்டு.

கொல்லங்குடியில் காசு வெட்டிப் போடலாம் என்றார் செவத்தையா,
அந்த நர்ஸ் பேரைச் சொல்லி.
போனோம். காளி முன்னால் நின்றோம்.
முந்தானையில் முடிந்திருந்த காசைத் தொட்டேன்.
அந்தக் கை தடுமாறாமல் இருந்திருந்தால்
துர்கா
எனக்கு மேலே நினைக்கத் தெரியவில்லை.
அந்தக் காசைத் திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கொடுத்தேன்.

சிகப்பி கோர்ட் வராந்தாவில் ஒரு தடவை சொன்னாள்:
எங்கள்ல பிள்ளை கூட்டிக்கிறது புதுசில்ல.
ஆனா தெரிஞ்சு கூட்டுவோம்.

போன வாரம் துர்கா கடையில் உட்கார்ந்து
தீர்ப்பைப் படித்தாள், கையில் பென்சிலோடு.
‘இழப்பு’ வருமிடமெல்லாம் வட்டம் போட்டாள்.
பதினேழு வட்டம்.
இதுல இழப்புங்கறது நானா, விசாலமாம்மா?
வக்கீல் குமாஸ்தா ஒருவர்
அசல் பத்திரத்தைக் கண்ணாடிமேலே விட்டுவிட்டு
நகலோடு போய்க்கொண்டிருந்தார்.
தினமும் யாராவது அப்படித்தான் போவார்கள்.
சார் அசலு, சார் அசலு என்று
தெருவில் இறங்கி ஓடினேன்.
ஓடுவதற்கு நல்லதாய் ஒரு காரணம்.
திரும்பி வந்தபோது
அவள் வேறு பக்கம் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை விசாலம் வருவாள்.
என் மூக்கு. செவத்தையாவின் கோணல் சுண்டுவிரல்.
என்னை அத்தை என்பாள்.
குழம்பில் மீனைக் கண்டு கையைப் பின்னுக்கு இழுத்தாள்;
அடுத்த மாதம் கத்தரிக்காய் வைத்தேன்.
துர்கா தன் தட்டு மீனை மறைத்துச் சாப்பிட்டாள்.
அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று
எனக்குத் தெரியாது.
கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சிரிப்புச் சத்தம் வரும்,
சில நேரம் அதுவும் வராது.

சாயங்காலம் சிகப்பி போன் பண்ணுவாள்.
முதலில் எல்லாம் ‘எங்க புள்ள’ என்று தொடங்கி
‘ஒங்க புள்ள’ என்று திருத்தி
‘இல்ல, அது வந்து’ என்று தடுமாறுவாள்.
இப்போது வெறுமனே கேட்கிறாள்:
புள்ள சாப்பிட்டுச்சா?
எது என்று நானும் கேட்பதில்லை.
சாப்பிட்டுச்சு, என்கிறேன்.
கல்லல் பஸ் ஏழே காலுக்கு, ஏத்தி விட்டுர்றேன்.